சின்னக் கதிரைக்காரருக்கு ஒரு பெரிய கதிரை

நர்சரி வேலை என்பது, முழங்கால் வந்து முகத்து நாடியில் முட்டுகிற கதிரையில் நாள் முழுக்க இருந்துவிட்டு வீட்டுக்குப் போய், "நீ சும்மா விளையாடிப்போட்டுத்தானே வாறாய்" என்பதைக் கேட்டுக்கொண்டே இரவுச் சாப்பாடு சாப்பிடுகிற வேலை.

தலைமயிரில் காய்ந்த பெயின்ட், சட்டைத் தோளில் யாரோ ஒருவரின் மூக்குச்சளி, காற்சட்டைப் பையில் "கவனமாய் வைச்சிரு" என்று யாரோ தந்துவிட்டு மறந்துபோன கூழாங்கல். இவ்வளவும் உங்களிடமும் இருந்தால் வாருங்கள், பக்கத்தில் இருங்கள், இது நமக்காக எழுதியது. இல்லாதவர்களும் வாசிக்கலாம். ஆனால் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். இது பன்றிக் காய்ச்சல் வருடம். கை கழுவாத ஆளை எங்கள் நர்சரிக் கதவைத் தொடவும் விடமாட்டோம்.

என் பெயர் தாரணி, வயது பதினேழு. கொலிஜில் குழந்தைப் பராமரிப்புப் படிக்கிறேன். கிழமையில் பாதி நாள் லண்டன் மனோர் பார்க்கில் ஒரு நர்சரியில் வேலை. எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் பேசினாலும் அந்தக் குரல் என் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பஸ் சாரதி, கோயில் ஐயர், செய்தி வாசிக்கிற பெண், எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ், எல்லாரும் வருவார்கள். வெள்ளைக்காரரை வீட்டில் செய்து காட்டும்போது தமிழிலேயே பேசவைப்பேன். அப்போதுதான் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். இங்கேயும் அப்படித்தான். ஐரிஷ்காரியும் ஆங்கிலக் கனவானும் யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் பயந்துவிடாதீர்கள்.

விஷயம் ஒரு கதிரையைப் பற்றியது. பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குப் பதிவு கொடுப்பதற்கும், பிழை விட்டால் அந்தப் பதிவைப் பறிப்பதற்கும் ஒரு சபை இருக்கிறது. பெயர் வேண்டாம், சபை என்றே வைத்துக்கொள்வோம். அதன் மேசையைச் சுற்றித் தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆய்வாளர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், கணக்காளர்கூட இருக்கிறார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் சார்பில் ஒரு ஈ, எறும்புகூட இல்லை. எங்களுக்குப் பதிவும் இல்லை, கதிரையும் இல்லை. இந்த வருடம்தான், "உங்களுக்கு ஒரு கதிரை கூட்டிப் போடலாமா என்று யோசிக்கிறோம், வந்து நியாயத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். கிழக்கு லண்டன் நர்சரிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, பேசுவதற்கு எங்கள் பெரிய அறைப் பொறுப்பாளர் சுகிர்தா அக்காவைத் தெரிந்தெடுத்தார்கள். மூன்று, நான்கு வயதுக்காரரின் அறைக்குத்தான் பெரிய அறை என்று பெயர். எங்கள் உலகத்தில் அது பெரிசுதான்.

இன்டர்கொம்மில் இரண்டு மொறீன்

எங்கள் மனேஜர் மொறீன் ஐரிஷ்காரி. எந்த வசனத்தையும் ஒரு பெருமூச்சில் தொடங்கி, "கடவுளே, என்ரை முதுகு" என்று முடிப்பவர். அவருடைய அலுவலகத்தில் ஒரு இன்டர்கொம் இருக்கிறது. அதில் பேசினால் எல்லா அறைகளிலும் கேட்கும். ஒரு நாள் அவர் வாசலில் பால் கொண்டுவருகிறவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம், நான் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினேன். நீளமாக ஒரு பெருமூச்சு. "எல்லா அறைக்கும் சொல்லுறன். இண்டைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையளோடை சேர்ந்து பெரியாக்களும் படுக்கலாம். கடவுளே, என்ரை முதுகு."

கைக்குழந்தைகள் அறையில் வேலை செய்கிறவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் பாயில் சாய்ந்துவிட்டார்கள். சமையல்காரர் ஏப்ரனைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். மொறீன் திரும்பி வந்து ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். "எனக்கு முன்னாலை ஒருக்காச் செய்து காட்டு" என்றார். செய்தேன். பெருமூச்சை இன்னும் கொஞ்சம் இழுக்கவேண்டும் என்று திருத்தினார். திரும்பச் செய்தேன். தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை எனக்குப் பல்லுப் பிடுங்கினம், வாய் திறக்க ஏலாது. அண்டைக்கு முழுக்க இன்டர்கொம்மிலை நீதான் மொறீன்."

நடேசு மாமாவின் கால்

அப்பா ஜெர்மனியில் பீட்சாக் கடையில் மாவு பிசைந்து, பிறகு லண்டனுக்கு வந்து சொந்தமாக மளிகைக்கடை போட்டவர். மகள் பார்மசி படித்து வெள்ளைக் கோட்டுப் போடவேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் வேலைக்கு ஆங்கிலத்தில் 'நர்சரி நர்ஸ்' என்று பெயர். யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் அப்பா முதல் சொல்லை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டு, இரண்டாவது சொல்லை மட்டும் கணீரென்று சொல்லுவார்.

மனோர் பார்க் முருகன் கோயிலில் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கிறோம். அப்பாவின் கடைக்கு வாடிக்கையாக வருகிற நடேசு மாமா, வரிசையில் நின்றபடியே வேட்டியை மெல்லத் தூக்கி வீங்கின கணுக்காலை எனக்கு முன்னால் நீட்டினார். "தங்கச்சி, நர்ஸ் எண்டு அப்பா சொன்னவர். இதை ஒருக்காப் பாரும்." அப்பாவைப் பார்த்தேன். அப்பா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி, கேட்டுவிட்டார், என்ன செய்வது? எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். குந்தியிருந்து, முகத்துக்கு நேரே பார்த்து, "எங்கை ராசா நோகுது? காட்டுங்கோ பாப்பம்" என்றேன். காலில் மெல்ல ஊதினேன். "கெட்டிக்காரன், அழவே இல்லை" என்றேன். நாளைக்கே டொக்டரிடம் போகவேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். கைப்பையில் எப்போதும் இருக்கிற டைனோசோர் ஸ்டிக்கரில் ஒன்றை எடுத்துப் பாதத்தில் ஒட்டியும் விட்டேன். மாமா அதைக் குனிந்து கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "நோ குறைஞ்சுதோ தெரியாது தங்கச்சி, ஆனா இது நல்ல வடிவாயிருக்கு. மற்றக் காலுக்கும் ஒண்டு ஒட்டிவிடும்."

பனி கொட்டின நாள்

பெப்ரவரியில் லண்டன் பனியில் புதைந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடங்கள் பூட்டு. காலமை நான் வழுக்கி வழுக்கி நர்சரிக்கு வந்தால், சுகிர்தா அக்கா எனக்கு முதலே வந்து வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். இல்ஃபோர்டிலிருந்து நடை. சப்பாத்துக்குள் பொலித்தீன் பை, அதற்குள் கால். "ஆஸ்பத்திரி பூட்டாது, பிள்ளை. ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற ஆக்களின்ரை பிள்ளையள் வரும்" என்றார்.

சொன்ன மாதிரியே டொக்டர் மீனாட்சி வந்தார். தமிழ்நாட்டுக்காரர், இடுப்பில் மகனைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. "நீங்க திறந்திருக்க மாட்டீங்கன்னே நினைச்சேன்" என்றார். மகனை இறக்கிவிட்டு, ஓடப்போனவர், அக்காவின் சப்பாத்தைப் பார்த்து நின்றுவிட்டார். உங்களுக்குப் பதிவு எங்கே, மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். டொக்டருக்கு ஒரு சபை, நர்ஸுக்கு ஒரு சபை, ஸ்கூல் ஆசிரியருக்கு ஒரு சபை, எங்களுக்கு மட்டும் இல்லை என்று அக்கா சொன்னார். ஊரில் ஆசிரியையாக இருந்து, இங்கே வந்து திரும்ப முதலிலிருந்து படித்து, பட்டமும் எடுத்து, இன்னும் 'பிள்ளை பாக்கிற அக்கா'தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கு நீங்க வரலைன்னா நான் வேலைக்கே போக முடியாது. ஆமா, அப்புறம் எதுக்கு எனக்கு மட்டும் லைசென்ஸு?"

தட், தட், தடதடதட்

ஒரு அறை நிறைந்த மூன்று வயதுக்காரர் ஒரே நேரத்தில் கத்தும்போது நீங்களும் கத்தினால், அவர்கள் அதை ஒரு போட்டி என்று எடுத்துக்கொள்வார்கள், வெல்லுவதும் அவர்கள்தான். அக்கா கத்தமாட்டார். கையைத் தட்டுவார். தட், தட், தடதடதட். பிள்ளைகள் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அதே தாளத்தைத் திருப்பித் தட்டி, ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பார்கள். பிறகு அக்கா மெல்லிய குரலில் பேசினாலே போதும். அக்கா கண்டுபிடித்த வித்தை இல்லை இது. இங்கே சின்ன வகுப்புகளில் வேலை செய்கிறவர்களின் பொதுச்சொத்து.

எனக்கு இப்படி ஒரு பொதுச்சொத்துக் கிடைத்தால் சும்மா இருப்பேனா? மொறீன் உள்ளூராட்சிக் கவுன்சில்காரரோடு போனில் மும்முரமாக வாதாடிக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று தட்டினேன். போன் மேசையில் விழுந்தது. மொறீன் திருப்பித் தட்டி, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து இருந்தார். மேசையிலிருந்து கவுன்சில்காரரின் "ஹலோ? ஹலோ?" மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தன் விரலைத் தானே கண்டார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் அறையை விட்டு ஒப்பீசுக்கு வந்து எத்தினையோ வருசம், தாரணி. என்ரை கையளுக்கு அதை இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. கடவுளே, என்ரை முதுகு."

எழும்பத் தெரியாத பெரிய ஆள்

நியாயம் கேட்பதற்கு முன்னால் ஒரு நர்சரியை நேரில் பார்க்கவேண்டும் என்று சபைத் தலைவர் எங்களிடம் வந்தார். உயரமான, நல்ல மனிசர். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் "ம்க்கும்" என்று தொண்டையைச் செருமுவார். பெரிய கார் ஒன்று குளிரில் ஸ்டார்ட் எடுக்கிற மாதிரி. அவர் கோட்டைக் கழற்றுவதற்கு முதலே அந்த 'ம்க்கும்' எனக்கு வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியடியில் மூன்று வயது ஜேடன் ஒரு சாடியிலிருந்து இன்னொரு சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தலைவர் பக்கத்திலிருந்த சின்னக் கதிரையில் இருந்து, "ம்க்கும். பாடம் எத்தினை மணிக்குத் தொடங்கும்?" என்று கேட்டார்.

பாடம் அவருடைய மூக்குக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. எந்தச் சாடி கொள்ளும், எது வழியும் என்று ஜேடன் அளந்துகொண்டிருக்கிறான். அக்காதான் காலமை யோசித்து யோசித்து அந்தச் சாடிகளைப் பொறுக்கி வைத்தவர். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் அக்காவுக்கு ஒரு குறை. அழுகிற பிள்ளை, கடிக்கிற பிள்ளை, கேற்றில் ஏறி ஓடப்பார்க்கிற பிள்ளை, ஒருவருக்கும் பயமில்லை. டை கட்டின பெரியவரைக் கண்டால் மட்டும் நாக்கு உள்ளே போய்விடும். "யெஸ்... யெஸ்... பாடம்" என்றார். அவ்வளவுதான். தலைவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எழும்பப் பார்த்தார். கதிரையும் அவரோடு எழும்பியது. திரும்ப இருந்தார். ஜேடன் சாடியை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்களிடம் படித்த பண்போடு கையை நீட்டினான்: "எழும்பத் தெரியாட்டி உதவி கேக்கோணும். இந்தாங்கோ, என்ரை கையைப் பிடியுங்கோ."

கரடிகளின் சபை

தலைவர் போனபிறகு அக்கா பெயின்ட் கழுவுகிற இடத்தில் நின்று தூரிகைகளைக் கழுவு கழுவு என்று கழுவினார். "என்னாலை ஏலாது, பிள்ளை. வேறை ஆரையாவது அனுப்பச் சொல்லு. நான் வாயைத் திறக்காட்டி எல்லாருக்கும் கதிரை போயிடும்." அடுத்த வருடம் நானும் இந்த வேலைக்குத்தான் வரப்போகிறேன். அப்பா அப்போதும் முதல் சொல்லை விழுங்கிக்கொண்டே இருப்பாரா? "அக்கா, டை கட்டின ஆக்கள்தானே பிரச்சினை? நான் கொண்டுவாறன்" என்றேன்.

எங்களுக்கு நேரம் கிடைப்பது பிள்ளைகள் மத்தியானம் படுக்கும்போது மட்டும்தான். சுற்றிவரப் பாய்களில் பிள்ளைகள் நித்திரை. நடுவில் சின்னக் கதிரைகளில் பொம்மைக் கரடிகள், கழுத்தில் கடதாசி டை. பெரிய கரடி தலைவர். கண் ஒன்று கழன்ற கரடி, ஓய்வுபெற்ற ஆய்வாளர். கொலிஜில் ஒரு கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டு வைத்திருந்தேன், நெஞ்சுக்குள் பீப்பாய் உருளுகிற குரல். நான் பின்னால் குந்தியிருந்து எல்லாருக்கும் குரல் கொடுத்தேன். எல்லாமே குசுகுசுப்பில்தான், ஒரு பிள்ளை எழும்பினால் சபை கலைந்துவிடும். "பதிவு இல்லாத ஆக்களுக்குக் கதிரை எப்பிடித் தரலாம்?" என்று ஆய்வாளர் கரடி குசுகுசுத்தது. "கதிரை இருந்தாத்தானே பதிவு கேக்கலாம்!" என்று அக்கா குசுகுசுத்தார். "அது சட்டத்திலை இல்லை" என்றது கரடி. நாளுக்கு நாள் அக்காவுக்குக் கோபம் ஏறியது. கோபம் ஏற ஏறப் பேச்சும் வந்தது. ஒரு நாள் அக்கா முழங்காலில் நின்று, கரடியின் டையைப் பிடித்து உலுக்கி, சத்தமே இல்லாமல் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது மொறீன் கதவைத் திறந்தார். கரடிகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அவரும் குசுகுசுப்பாகவே சொன்னார்: "சுகி, கரடி கேக்கிறது நல்ல கேள்விதான். டையை விட்டுட்டு மறுமொழியைச் சொல்லு."

குசுகுசுப்பு

அந்த நாள் வந்தது. நானும் மொறீனும் அக்காவோடு போனோம். மத்திய லண்டனில் கல் தூண் வைத்த கட்டடம். உள்ளே போகமுதல் அக்கா வாசலில் எங்களை நிறுத்தி, "ரெண்டு பேரும் டொய்லெட்டுக்குப் போட்டியளா?" என்று கேட்டார். மொறீன், அறுபது வயதுப் பெண், "ஓம்" என்று தலையை ஆட்டினார்.

நீளமான மேசை, சுழல் கதிரைகள், டைகள். அக்கா எழுந்து நின்றார், வாயைத் திறந்தார், பேசத் தொடங்கினார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பயம் இல்லை, நடுக்கம் இல்லை. நாங்கள் கிழமைக்கணக்காகப் பழகினதெல்லாம் நித்திரைப் பிள்ளைகளுக்கு நடுவில். அக்காவுக்கு அந்தப் பேச்சு குசுகுசுப்பாகத்தான் பாடம்! கையை அசைத்து, கண்ணை உருட்டி, அற்புதமாகக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் காதில் கையை வைத்து, "என்ன சொல்லுறா?" என்று பீப்பாயை உருட்டினார். வக்கீல் பக்கத்து ஆளிடம் விளக்கம் கேட்டார். அந்தப் பக்கத்து ஆள் இன்னொருவரிடம் கேட்டார். கணக்காளர் நேரம் போகிறது என்றார். தலைமை ஆசிரியர்கள் இரண்டு பேர் சரி, பிழை என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். தலைவர் "ம்க்கும், ம்க்கும்" என்று ஸ்டார்ட் எடுக்க எடுக்க ஒருவரும் திரும்பவில்லை. கதிரை எங்கள் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் குரல் எனக்கு வரும். பின்னால் இருந்து நானே பேசிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

அதற்குள் அக்காவின் கைகள் முந்திவிட்டன. சத்தம் கேட்டால் அந்தக் கைகளுக்கு அக்காவின் உத்தரவு தேவையில்லை. தட், தட், தடதடதட்.

மேசையைச் சுற்றித் திருப்பிச் சத்தம் கேட்டது. தட், தட், தடதடதட். தலைமை ஆசிரியர்கள் தட்டினார்கள். ஆய்வாளர் தட்டினார். எனக்குப் பக்கத்தில் மொறீன் தட்டினார், அது சொல்லத் தேவையில்லை. தலைவர் தட்டிவிட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். வக்கீலும் கணக்காளரும் மட்டும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்ன பிடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். அக்காவின் முகம் சிவந்துபோனது. "சொறி, கை பழகிப்போச்சு" என்றார். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. அது வகுப்பறைக் குரல்.

அந்தக் குரல் வந்தபிறகு டையாவது ஒன்றாவது! "கை தட்டினவை எல்லாரும் ஒரு காலத்திலை சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சவை" என்றார் அக்கா. "உங்கடை கைக்கும் என்ரை கைக்கும் ஒரே பழக்கம். நிண்டு கேக்கப் பழக்கித்தான் பிள்ளையளை உங்களிட்டை அனுப்புறம். பதிவு இல்லாட்டிக் கதிரை இல்லை, கதிரை இல்லாட்டிப் பதிவு இல்லை எண்டு நீங்கள் சொல்லுறது, எங்கடை சறுக்குமரத்திலை ஒரு பிள்ளை கீழையிருந்து ஏற, ஒரு பிள்ளை மேலையிருந்து இறங்க, ரெண்டு பேரும் நடுவிலை நிண்டு அழுகிற மாதிரி. ஆரோ ஒராள் விலகோணும். பெரிய பிள்ளைதான் விலகோணும் எண்டு நாங்கள் பழக்குறனாங்கள்." சொல்லிவிட்டுத் தன் இடத்தில் இருந்தார். ஆய்வாளர் பெரிதாகச் சிரித்துவிட்டார். பீப்பாய்க்குள் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டேன். தலைவர் அப்போதுதான் உதட்டிலிருந்து விரலை எடுத்தார்: "ம்க்கும். இந்த மேசையை ஒருக்கால் அமைதியாக்கிப்போடோணும் எண்டு தலைவரான நாளிலையிருந்து பாக்கிறன். திருப்பித் தட்ட என்ரை கைக்குத் தெரியுது, தொடங்கத்தான் தெரியேல்லை. அதை எனக்கு ஒருக்கால் மெதுவாச் சொல்லித் தாங்கோ."

நிலத்தில் முட்டாத கால்

கதிரை கிடைத்தது. முழுக் கதிரை இல்லை. முதல் ஒரு வருடம் இருக்கலாம், பேசலாம். வாக்கெடுப்பில் கை தூக்கக்கூடாது. வருட முடிவில் வாக்கைப் பற்றிப் பேசுவார்கள். அக்கா முதலில் பொரிந்து தள்ளினார். "இருக்கவிட்டுட்டுக் கையைத் தூக்காதை எண்டால் என்ன கதை!" பிறகு தானே யோசித்துவிட்டு, புதுப் பிள்ளை வந்தால் நாங்களும் முதலில் பாயில் இருக்கத்தானே பழக்குகிறோம் என்றார். பிள்ளைக்குக் கையைத் தூக்கவும் அடுத்த கிழமையே பழக்கிவிடுவோம் என்று நான் சொன்னேன். "அதைத்தான் நான் முதல் கூட்டத்திலை கேக்கப்போறன்" என்றார்.

இலையுதிர்காலத்தில் முதல் கூட்டம். அக்கா குள்ளம், அந்தச் சுழல் கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டவில்லை. காலை ஆட்டிக்கொண்டு இருந்தவர் பக்கத்தில் பார்த்தால், தலைவர் அதைக் கவனித்துவிட்டார். மேசைக்குக் கீழே குனிந்து கதிரையை இறக்குகிற பிடியைத் தேடினார், கிடைக்கவில்லை. அக்கா கையை நீட்டித் தடுத்தாராம். அதற்குத் தலைவர் சொன்னதை அடுத்த நாள் எங்களுக்கு அப்படியே சொல்லிக் காட்டினார். அக்காவும் இப்போது குரல் செய்கிறார், என்னிடமிருந்து தொற்றியிருக்கிறது: "ம்க்கும். விடுங்கோ ரீச்சர். உங்கடை நர்சரியிலை என்ரை முழங்கால் நாடியிலை முட்டினது. இஞ்சை உங்கடை கால் நிலத்திலை முட்டேல்லை. இப்பதான் கணக்குச் சரி."

'ரீச்சர்' என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்கா தலைவரின் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில் சொன்னார்.

அப்பா விழுங்காத சொல்

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நடேசு மாமா திரும்பவும் வந்தார். கால் வீக்கம் வற்றிவிட்டது. டொக்டர் மருந்து கொடுத்தாராம், ஆனால் அவர் நன்றி சொன்னது டைனோசோருக்கு. கூட வந்த நண்பருக்கு என்னை அறிமுகப்படுத்தி, "இதுதான் நான் சொன்ன நர்ஸ் பிள்ளை" என்றார். அந்த நண்பருக்கு முழங்கையில் ஏதோ. சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். நான் கைப்பைக்குள் ஸ்டிக்கரைத் தேடினேன். அப்பா தொண்டையைச் செருமினார். தலைவரின் 'ம்க்கும்' எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒட்டிவிட்டது. பிறகு கோபுரத்தைப் பார்க்காமல், நேரே அந்த மனிசரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "கையை இறக்குங்கோ அண்ணை. மகள் நர்சரியிலை படிப்பிக்கிறவள், நர்சரி. அவையளுக்கு இப்ப மேலிடத்திலை ஒரு கதிரையும் இருக்கு."

ஆக, தலைமயிரில் பெயின்ட் காயாத சகபாடிகளே, கதவடியில் தள்ளுப்படாமல் வரிசையில் நிற்க மூன்று வயதுக்காரரையே பழக்கிவிட்ட நாங்கள், எங்களைக் கை தூக்க விடும்படி ஒரு சபையைப் பழக்குவதற்கு என்ன, இன்னும் கொஞ்சம் ஸ்டிக்கர் கூட வாங்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.